மலை முதலில், கிளி பிறகு: நியூசிலாந்தில் பறக்கும் கியாவைப் படமெடுக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நியூசிலாந்தின் தென் தீவுக்குச் சுற்றுலா செல்லும் பலரும் கியா என்னும் மலைக்கிளியைப் படமெடுத்துக்கொண்டுதான் திரும்புகிறார்கள். ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் பறவை தார்த்தரையிலோ காரின் கூரைமேலோ நின்றுகொண்டிருக்கும். கியா மனிதரைக் கண்டு அஞ்சி ஓடும் பறவை அன்று. அதுவே நம்மைத் தேடி வரும். ஆகவே நெருங்கிப் படமெடுப்பது பெரிய காரியம் இல்லை. அது சிறகு விரித்து, இறக்கையின் அடிப்புறத்து ஆரஞ்சுச் சிவப்பு வெளிப்பட, பின்னால் தென் ஆல்ப்ஸ் மலைத்தொடர் தெளிவாகத் தெரியும்படி ஒரே சட்டகத்தில் அமைவதுதான் கடினம். கையில் உள்ள கேமராவைக் காட்டிலும், வேலைகளை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதே இதில் முடிவைத் தீர்மானிக்கிறது. புதியவர்கள் பறவையைத் துரத்திக்கொண்டே இருந்துவிட்டுப் பின்னணியைத் தற்செயலுக்கு விட்டுவிடுகிறார்கள். மலையை முதலில் தேர்ந்து, காற்றையும் வெளிச்சத்தையும் கணித்து, ஓரிடத்தில் நின்று காத்திருப்பவருக்கே இந்தப் படம் கிடைக்கிறது. கீழே சொல்லப்படும் படிகள் அனைத்தும் இந்த வரிசையை ஒட்டியவை.

பறவையை அறிந்துகொள்ளுதல்

கியா தென் தீவில் மட்டுமே வாழும் கிளி. மரங்கள் வளரும் எல்லையான மரக்கோட்டுக்கு மேலுள்ள பனிமலை வெளிகளில் வாழப் பழகிய ஒரே கிளியினம் என்று இதைச் சொல்வார்கள். மாவோரி மொழியில் அதன் கூவலிலிருந்தே பெயர் பிறந்தது. உடல் ஏறத்தாழ 48 செ.மீ. நீளமும் ஒரு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவான எடையும் கொண்டது. அமர்ந்திருக்கும்போது மங்கிய ஆலிவ் பச்சையாக, பாறையோடு பாறையாகத் தெரியும். இறக்கையை உயர்த்தும் நொடியில்தான் உள்ளே மறைந்திருக்கும் ஆரஞ்சுச் சிவப்பு வெளிப்படும். தென் தீவின் தென்மேற்கு மூலையான ஃபியோர்ட்லேண்டின் காடுகளில் காக்கா என்று மாவோரி மொழியில் அழைக்கப்படும் வேறொரு கிளியும் உண்டு. அதன் இறக்கையடியும் சிவந்திருக்கும், ஆனால் அது பழுப்பு நிறமுடைய காட்டுப் பறவை. திறந்த மலைவெளியில் நீங்கள் காண்பது பெரும்பாலும் கியாவாகவே இருக்கும்.

கண்ணைச் சுற்றியும் கீழ் அலகிலும் மஞ்சள் இருந்தால் அது இளம் பறவை. வயது ஏற ஏற அந்த மஞ்சள் கருத்துவிடும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இளம் பறவைகள் கூட்டமாகத் திரிந்து, ஒன்றையொன்று துரத்தி, காற்றில் புரண்டு விளையாடும். பறக்கும் படத்துக்கு அவையே மிகவும் ஏற்றவை. ஆகவே மஞ்சள் கண் கொண்ட பறவைகள் மூன்று நான்கு சேர்ந்திருந்தால் அந்த இடத்தை விட்டு அகலாதீர்கள்.

இந்தப் பறவைக்கு மனிதரால் நேர்ந்ததையும் ஒவ்வொரு பயணியும் அறிந்திருக்க வேண்டும். ஆடுகளைத் தாக்குகிறது என்ற காரணத்தால் 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியிலிருந்து கியாவைக் கொல்வோருக்கு வெகுமதி வழங்கப்பட்டது; ஒரு நூற்றாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 1,50,000 பறவைகள் கொல்லப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். 1986-இல்தான் முழுமையான சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. இப்போது காட்டில் 3,000 முதல் 7,000 வரை இருக்கலாம் என்பதே பொதுவான கணக்கு. அத்தனை கொலைக்குப் பிறகும் நம் அருகில் வந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும் பறவை இது. நம் படத்துக்காக அதற்கு எந்தத் துன்பமும் நேரக் கூடாது என்பதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக வைக்கிறேன்.

இடமும் காலமும்

முதன்முறை செல்பவருக்கு நான் பரிந்துரைப்பது ஆர்தர்ஸ் பாஸ் என்னும் மலைக்கணவாய். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து 73-ஆம் எண் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரப் பயணம், ரயிலிலும் போகலாம். சிற்றூரைத் தாண்டிக் கணவாய்க்கு மேலே சென்றால், 1999-இல் திறக்கப்பட்ட ஒட்டிரா பாலத்தைப் பார்ப்பதற்கான காட்சிமேடு வரும். கியாக்கள் அடிக்கடி வரும் இடம் அது. வண்டியை முழுவதுமாக நிறுத்துமிடத்துக்குள் விட்டுவிட்டு நடமாட வசதியும் உண்டு. இரண்டாவது தேர்வு, டே அனா என்ற ஊரிலிருந்து மில்ஃபோர்டு சவுண்டு என்னும் கடற்கழிக்குச் செல்லும் சாலையில் ஹோமர் சுரங்கப்பாதையின் கிழக்கு வாயிலைச் சுற்றிய பகுதி. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலான உயரத்தில், மூன்று பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்கள் சூழ்ந்த அந்த இடம் பின்னணிக்கு ஈடற்றது. ஆனால் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பனிச்சரிவு அபாயத்தால் அங்கே சில பகுதிகளில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள். அந்தப் பலகையைப் படத்துக்காக மீறுவது உயிரோடு விளையாடுவதாகும்.

கோடையில், அதாவது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, பகல் மிக நீண்டது. டிசம்பர் இறுதியில் சூரியன் இரவு ஒன்பது மணிக்குப் பிறகே மறையும். நடுப்பகலில் கியாக்கள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். அதிகாலையிலும் மாலை சாயும்போதும் சுறுசுறுப்பாக இருக்கும். குளிர்காலத்தில் பகல் குறுகிவிடும், சாலையில் டயர்ச் சங்கிலி தேவைப்படலாம், விரல்கள் மரத்துப்போகும். ஆனாலும் படத்துக்கு நான் தேர்வது பனி படர்ந்திருக்கும் காலத்தையே. பனித்தரை மேலிருந்து விழும் ஒளியை மேல்நோக்கித் திருப்பி அனுப்புவதால், பறக்கும் கியாவின் இறக்கையடி நிழலில் மூழ்காமல் ஒளிபெற்று, அந்த ஆரஞ்சு நிறம் முழுமையாகத் தெரியும். கரிய பாறையின் மேலோ தார்ச்சாலையின் மேலோ அதே பறவை பறந்தால் இறக்கையடி கருத்துப்போகும். குளிர்காலத்தில் போக இயலாதவர்கள் வெளிறிய சரளைக்கற்கள் நிறைந்த ஆற்றுப்படுகையின் ஓரத்தைத் தேர்ந்தால் அதே பயனில் ஒரு பங்காவது கிடைக்கும்.

எந்த இடமானாலும் குறைந்தது இரண்டு காலையும் இரண்டு மாலையும் ஒதுக்குங்கள். மலையின் முக்கிய முகட்டை ஒட்டிய பகுதிகளில் மேற்கிலிருந்து வரும் மழை நாள் முழுவதும் நிற்காமல் பெய்யக்கூடும்; ஒரே நாளை நம்பிப் போகிறவர் ஏமாற நேரிடும்.

எந்த லென்ஸ்?

பறவைப் படம் என்றதும் தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் பெரிய டெலிஃபோட்டோ லென்ஸ் வேண்டும் என்று நினைப்பது இயல்பு. கியாவைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தைக் கைவிடச் சொல்வேன். காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். இறக்கை விரித்த கியாவின் அகலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று கொள்வோம். ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகலச் சென்சார் கொண்ட) கேமராவில் 35 மி.மீ. லென்ஸால் ஆறு மீட்டர் தொலைவில் எடுத்தால், அது சட்டகத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கை நிரப்பும். 400 மி.மீ. லென்ஸால் ஏறத்தாழ எழுபது மீட்டர் தொலைவில் எடுத்தாலும் பறவை அதே அளவில்தான் தெரியும். ஆனால் முதல் படத்தில் 54 பாகை அகலத்துக்கு மலைத்தொடர் விரிந்திருக்கும். இரண்டாவதில் ஐந்து பாகைதான், அதாவது மங்கலான ஒரு பனித்துண்டு. பறவை ஒரே அளவு, மலை மட்டும் காணாமல் போய்விடுகிறது. நெருங்கி வரும் பறவை வாய்த்திருக்கும்போது அந்த நெருக்கத்தைப் பயன்படுத்தாமல் விடுவது வீண்.

ஆகவே 24 முதல் 70 மி.மீ. வரையோ 24 முதல் 105 மி.மீ. வரையோ உள்ள ஒரு ஜூம் லென்ஸ் போதும். அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட கேமராவானால் 24 மி.மீ. அளவிலேயே ஏறத்தாழ மேலே சொன்ன பார்வைப் பரப்பு கிடைக்கும். 70-200 லென்ஸ் இருந்தால், எதிர்ப்பள்ளத்தாக்கில் வட்டமிடும் பறவைக்கு உதவும். சுமக்க மனமில்லை என்றால் விட்டுச்செல்லலாம். முக்காலி இந்த வேலைக்குத் தேவையில்லை. எடுத்துச்செல்வதானால், அதன் கால்களிலும் உங்கள் மலையேற்றக் காலணிகளிலும் ஒட்டியிருக்கும் மண்ணை ஊரிலேயே கழுவித் துடைத்துவிட்டு, நாட்டுக்குள் நுழையும் படிவத்தில் அவற்றைக் குறிப்பிடுங்கள். நியூசிலாந்தின் உயிரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையானவை. அறிவிக்க வேண்டிய பொருளை அறிவிக்காமல் விட்டால் விமான நிலையத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிப்பார்கள்.

நிற்கும் இடத்தைத் தேர்தல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். இடத்துக்குச் சென்றதும் கேமராவை வெளியே எடுக்காமல் பத்து நிமிடம் சுற்றிப் பாருங்கள். எந்தச் சிகரம் தனித்து நிற்கிறது, எந்தச் சரிவில் பனி இருக்கிறது, எந்தத் திசையில் மின்கம்பமும் வண்டிகளும் இல்லை என்று தேர்ந்து, பறவையே இல்லாத வெறும் நிலக்காட்சியாக ஒரு படத்தை மனத்தில் அமைத்துக்கொள்ளுங்கள். அதில் பறவைக்கென ஒரு வெற்றிடம் இருக்க வேண்டும். பனிச்சரிவோ வெளிறிய மேகமோ அந்த வெற்றிடமாக அமைவது நல்லது. கரும்பச்சைக் காட்டுச்சரிவின் முன்னால் ஆலிவ் நிறப் பறவை கரைந்துபோகும். வெட்டவெளி வானத்தின் முன்னால் வெறும் நிழலுருவாகும்.

அடுத்தது காற்று. எல்லாப் பறவைகளையும் போலக் கியாவும் காற்றை எதிர்த்தே எழும், காற்றை எதிர்த்தே இறங்கும். ஆகவே காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால், எழும்போதும் இறங்கும்போதும் பறவை உங்களை நோக்கியபடியே இருக்கும். முதுகைக் காட்டிப் பறந்துபோகும் கிளியின் படங்களே குவிகின்றன என்று வருந்துபவர்கள் பெரும்பாலும் காற்று முகத்தில் படும்படி நின்றவர்களாக இருப்பார்கள். இறங்கும் தருணம் இன்னும் சிறந்தது: வேகத்தைக் குறைப்பதற்காக இறக்கைகளையும் வாலையும் முழுமையாக விரிக்கும்போது இறக்கையடி நிறம் நேராக நமக்குத் தெரியும்.

மூன்றாவது சூரியன். வட அரைக்கோளத்தில் பழகியவர்கள் இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: நியூசிலாந்தில் நண்பகல் சூரியன் வடக்கில் நிற்கும். தெற்கு நோக்கி எடுத்தால்தான் வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கமிருந்து வரும். மலை, காற்று, சூரியன் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் ஒத்துவரும் நாள் அரிது. ஏதேனும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் நான் சூரியனையே விட்டுக்கொடுப்பேன். பறவையின் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் சிறகின் ஊடே கசிந்து ஆரஞ்சு நிறத்தை விளக்குப்போல் ஒளிரச் செய்வதுண்டு. ஆனால் மலையில்லாத படத்தையும் முதுகு காட்டும் பறவையையும் சரிசெய்ய வழியே இல்லை.

நின்ற நிலையில் எடுப்பதைக் காட்டிலும் முழந்தாளிட்டோ, திருப்பக்கூடிய திரை இருந்தால் இடுப்பளவில் கேமராவைப் பிடித்தோ எடுப்பது நல்லது. பறவை எழும்போது இறக்கையடி தெரியும், மலையும் சட்டகத்துக்குள் இருக்கும். தரையோடு தரையாகப் படுத்துவிட்டால் வானம் மட்டுமே மிஞ்சும்.

கேமரா அமைப்பு

வெயில் தெளிவாக இருந்தால் ஷட்டர் வேகம் (ஒளி விழும் நேரம்) 1/2500 நொடி, அபெர்ச்சர் (லென்ஸின் துளையளவு) எஃப்/8, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 640 என்று, அளவுகளை நாமே அமைக்கும் மேனுவல் முறையில் தொடங்குங்கள். வெளிச்சம் நிலையாக இருக்கும்வரை மேனுவலே பாதுகாப்பானது. தானியங்கி முறையில் விட்டால், பறவை பனியின் முன்னாலிருந்து காட்டின் முன்னால் கடக்கும் அரை நொடியில் கேமரா தன் கணக்கை மாற்றிக்கொண்டு, ஒரே தொடரில் ஒரு படம் வெளுத்தும் மற்றொன்று இருண்டும் போகும். முதலில் பனிச்சரிவை மட்டும் ஒருமுறை எடுத்து, படத்தின் ஒளியளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் வெள்ளைப் பகுதி வலது விளிம்பில் முட்டி நிற்காமல் சற்று உள்ளே இருக்கிறதா என்று சரிபாருங்கள். சென்சாரின் தரவை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்தால் பறவையின் கரும்பச்சையைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். வெளுத்துப்போன பனியை மீட்க முடியாது. மேகம் வந்துவந்து போகும் நாளில் மட்டும் ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விட்டு, எக்ஸ்போஷரை (பதிவாகும் ஒளியளவை) ஏறத்தாழ ஒரு ஸ்டாப், அதாவது இருமடங்கு, கூட்டிவைக்கலாம். இல்லையெனில் பனியைக் கேமரா சாம்பல் நிறமாக்கிவிடும்.

1/2500 ஏன் என்று கேட்கலாம். பறவை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கடந்தால், 1/500 நொடியில் இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/2500 நொடியில் நான்கு மில்லிமீட்டர்தான். அருகில் கடக்கும் பறவைக்கு இந்த வேறுபாடு கண்ணில் படும். மாலை வெளிச்சம் குறையும்போது ஐஎஸ்ஓவை 3200 வரை உயர்த்தத் தயங்காதீர்கள். குறுமணி தெரிவதைப் பொறுத்துக்கொள்ளலாம், கலங்கிய தலையைப் பொறுக்க முடியாது.

எஃப்/8 என்பது மலைக்காக. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸை எஃப்/8-இல் வைத்து ஐந்து மீட்டருக்குச் சற்று அப்பால் ஃபோகஸ் செய்தால், இரண்டரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். 24 மி.மீ. ஆனால் இரண்டரை மீட்டரில் ஃபோகஸ் செய்தாலே போதும். 70 மி.மீ. ஆகும்போது இந்தத் தொலைவு இருபது மீட்டராகிவிடுவதால், அங்கே பறவை அல்லது மலை என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பறவையையே தேருங்கள்; சற்றே மென்மையான மலை இன்னும் மலையாகவே தெரியும்.

உள்ளே கண்ணாடியில்லாத புதிய மிரர்லெஸ் கேமராக்களில் பறவையின் கண்ணை அடையாளம் காணும் வசதி இருக்கிறது; அதைத் தொடர் ஃபோகஸ் முறையோடு இயக்கிவையுங்கள். பழைய கேமராவில் ஃபோகஸ், பறவையை விட்டுவிட்டுப் பளிச்சிடும் பனிமுகட்டைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு எளிய தீர்வு, மேலே சொன்ன தொலைவில் ஃபோகஸை முன்கூட்டியே வைத்துவிட்டு, மேனுவலுக்கு மாற்றி, அப்படியே விட்டுவிடுவது. தொடர்ந்து எடுக்கும் பர்ஸ்ட் முறை அவசியம். ஆனால் எலக்ட்ரானிக் ஷட்டர் சில கேமராக்களில் வேகமாக அடிக்கும் இறக்கையை வளைத்துக் காட்டும் என்பதால், மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது. புறப்படும் முன் கடற்கரையில் கடற்காகங்களை வைத்து இரண்டு மணி நேரம் பழகிக்கொண்டால், மலையில் விரல் தானாகவே வேலை செய்யும்.

காத்திருத்தல்

இடம், காற்று, கேமரா மூன்றும் அமைந்தபின் செய்ய வேண்டியது அசையாமல் இருப்பதுதான். கைதட்டிப் பறக்கவிடுவதும் கல்லெறிவதும் அறவே கூடாது. பதிவுசெய்த கூவலை ஒலிக்கவும் கூடாது: கியாவின் ஒருவகைக் கூவலைக் கேட்டால் மற்றக் கியாக்கள் விளையாடத் தொடங்குகின்றன என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது, அந்த அளவுக்குக் குரலால் ஆட்கொள்ளப்படும் பறவையிடம் பொய்க்குரல் காட்டுவது நியாயமாகாது. இயல்பாக வரும் கூவலைக் கேட்பதே உங்களுக்குப் போதுமான முன்னறிவிப்பு. முகட்டிலிருந்து ‘கீ…யா’ என்று நீண்ட குரல் கேட்டால் கேமராவைக் கண்ணருகே உயர்த்துங்கள். அருகிலுள்ள பறவை பதில் கூவிவிட்டு எழக்கூடும். அமர்ந்திருக்கும் பறவை காற்றை நோக்கித் திரும்பி, உடலைத் தாழ்த்தி, கழுத்தை நீட்டினால் அடுத்த நொடியிலேயே பறந்துவிடும் என்று கொள்ளலாம். அப்போதே பட்டனை அழுத்தத் தொடங்க வேண்டும். சிறகு விரிந்ததைக் கண்டபின் அழுத்தினால் படத்தில் வால் மட்டுமே இருக்கும்.

உணவு கொடுத்து அழைப்பது இன்னும் பெரிய தவறு. உணவுக்காகச் சாலையோரம் பழகிய கியாக்கள் வண்டியில் அடிபட்டு இறக்கின்றன. கட்டடங்களைச் சுற்றித் திரியும் பறவைகள் பழைய ஆணித்தலைகளையும் கூரைத் தகடுகளையும் கடித்து ஈய நஞ்சுக்கு ஆளாகின்றன. ஒரு பிஸ்கட் துண்டில் தொடங்கும் பழக்கம் அந்தப் பறவையை ஆண்டுக்கணக்கில் அதே ஆபத்தான இடத்தில் கட்டிப்போடுகிறது. ஜூலை முதல் ஜனவரி வரை இனப்பெருக்கக் காலம். கியா பாறையிடுக்கிலும் வேர்களுக்கு அடியிலுள்ள பொந்திலும் தரையில்தான் கூடு வைக்கும் என்பதால் பாதையை விட்டு விலகி நடக்காதீர்கள். அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நிர்வகிக்கும் நிலங்களில் டிரோன் பறக்கவிட முன் அனுமதி தேவை.

உங்கள் பொருட்களையும் காத்துக்கொள்ளுங்கள். ரப்பரும் பட்டையும் ஜிப்பும் கியாவுக்குப் பெருவிருப்பமானவை. வண்டிக் கண்ணாடியைச் சுற்றிய ரப்பர், லென்ஸ் மூடி, பை வார் எதையும் விட்டுவைக்காது. 2022-இல் ஃபியோர்ட்லேண்டின் கெப்ளர் நடைபாதையில் ஒரு குடும்பத்தின் கோப்ரோ கேமராவை ஒரு கியா தூக்கிச்சென்றது. கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் அந்தப் பறத்தல் முழுவதும் பதிவாகியிருந்தது. பையை எப்போதும் மூடி, முதுகிலேயே வைத்திருங்கள். பேட்டரி, சிலிக்கா ஜெல் பொட்டலம், துடைக்கும் துணி ஆகியவற்றைக் கீழே வைக்கவே வேண்டாம். இழப்பு உங்களுக்கு மட்டும் அன்று, அவற்றை விழுங்கினால் பறவைக்கு உயிராபத்து. குளிரில் பேட்டரி விரைவில் இறங்கிவிடும் என்பதால் மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உட்பையில் வைப்பது பேட்டரிக்கும் பறவைக்கும் நல்லது.

அறைக்குத் திரும்பிய பின்

நூறு படங்களில் நான்கைந்து தேறினாலே அது நல்ல நாள். தேர்ந்தெடுக்கும்போது கண் தெளிவாக இருக்கிறதா, பறவையின் உருவம் மலைமுகட்டின் கோட்டோடு மோதாமல் தனித்து நிற்கிறதா, பறக்கும் திசையில் வெளி இருக்கிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள். திருத்தும்போது ஆரஞ்சைக் கூட்டிக்காட்டும் ஆசை எழும். இயற்கையிலேயே செறிந்த அந்த நிறத்தை மேலும் ஏற்றினால் இறகுகளின் நுண்வரிகள் அழிந்துபோகும். நிழற்பகுதியை மட்டும் சற்று உயர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேலை மிச்சமிருக்கிறது. பல கியாக்களின் காலில் நிறவளையங்கள் மாட்டியிருப்பார்கள். அவற்றில் எழுத்தோ குறியோ இருக்கும். படத்தைப் பெரிதாக்கி வளையத்தின் நிறத்தையும் குறியையும் படித்து, நாள், நேரம், இடம் ஆகியவற்றோடு கியா பாதுகாப்பு அறக்கட்டளையின் பார்வைப் பதிவேட்டுக்கு அனுப்பலாம். பறவைகள் எங்கே செல்கின்றன, எத்தனை ஆண்டு வாழ்கின்றன என்பதை அறிய இத்தகைய பயணிகளின் பதிவுகளும் உதவுகின்றன. இதற்காகவே கேமராவின் கடிகாரத்தை விமானத்திலிருந்து இறங்கிய அன்றே நியூசிலாந்து நேரத்துக்கு மாற்றிவைத்துவிடுங்கள்.